"வலிக்காது" என்று சொல்லித்தான் மகளை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனேன். இன்னொரு முறை போக வேண்டியிருக்கிறது

விடியல் (இழையைத் தொடங்கியவர்)
இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளும் இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இப்போது ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு மூன்று வயது இரண்டு மாதம். வயிற்றில் இருக்கும்போதே, இருபதாவது வார ஸ்கேனில், இடது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்றார்கள். பிறந்ததிலிருந்து ஸ்கேன், ஸ்கேன் என்றே போனது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த வீக்கம் தானாக வடிந்துவிடும் என்றார்கள். நாங்களும் அதையே நம்பிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கிற ஸ்கேன்தான் ரீனோகிராம். இந்த வருஷம் எடுத்ததில் இடது சிறுநீரகத்தின் பங்கு 46 சதவீதத்திலிருந்து 37-க்கு இறங்கிவிட்டது. சிறுநீரகத்திலிருந்து குழாய் கிளம்புகிற இடத்தில் அடைப்பு. பி.யு.ஜே. அடைப்பு என்பார்கள். குறுகிப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டு நல்ல குழாயை மறுபடி சிறுநீரகத்தோடு சேர்த்துத் தைப்பதுதான் பைலோபிளாஸ்டி. தையல் ஆறும்வரை சிறுநீர் தடையில்லாமல் இறங்குவதற்காக உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்று ஒரு மெல்லிய குழாயை வைத்து மூடுவார்கள்.

சர்ஜன் ஒரு தாளில் படம் போட்டு எனக்கும் கணவருக்கும் பொறுமையாக விளக்கினார். நாங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மகள் அந்த மேஜைக்குக் கீழேதான் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "டாக்டர் சும்மா பார்ப்பாங்க. வலிக்கவே வலிக்காது. அம்மா கூடவே இருப்பேன்."

எட்டு மணிக்கு முதல் கேஸ் என்று சொல்லியிருந்தார்கள். அது மாறி, உள்ளே போகும்போது மணி பதினொன்றேகால். ராத்திரி ரெண்டு மணிக்குக் குடித்த பாலோடு சரி. தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று வார்டில் சொன்னதால் கொடுக்கவில்லை. ஒன்பது மணிவாக்கில் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தியேட்டருக்குள் மயக்க மருந்து மாஸ்க் வைக்கும்வரை என்னை விட்டார்கள். மாஸ்க்கைப் பார்த்ததும் முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். ஒருவர் அவள் தலையைத் திருப்பிப் பிடித்தார். கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்தேன். மாஸ்க்குக்குள்ளிருந்து, "அம்மா, வேணாம்னு சொல்லு, நீ சொல்லு" என்றாள். நான் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண் பாதி திறந்தபடி மேலே செருகியது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம். "முடிஞ்சிருச்சு, நீங்க போங்க" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். முடிஞ்சிருச்சு என்ற அந்த வார்த்தையோடு மூன்று மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரிக்கவரி அறையில் என்னைக் கூப்பிட்டு மடியில் கொடுத்தார்கள். என் மடியில் இருந்துகொண்டே "அம்மா வேணும், அம்மா வேணும்" என்று கத்தினாள். என் முகத்தைப் பார்க்கிறாள், ஆனால் நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. முதுகை வில்லாக வளைத்து என்னைத் தள்ளினாள். இருபத்தைந்து நிமிஷம். பிறகு தூங்கி எழுந்ததும், ஒன்றுமே நடக்காத மாதிரி "அம்மா" என்றாள்.

நான்கு ராத்திரி வார்டில் இருந்தோம். அதைப் பற்றி யாராவது கேட்டால் தனியாக எழுதுகிறேன். இப்போது வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள். காயம் அழகாக ஆறிவிட்டது. ஆனால் குழந்தை வேறு மாதிரி இருக்கிறாள். ராத்திரி இரண்டு மூன்று தடவை அலறிக்கொண்டு எழுகிறாள். படுக்கையில் சிறுநீர் போவதை விட்டு எட்டு மாதமாகியிருந்தது, இப்போது மறுபடி போகிறாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். முகம் துடைக்க யார் கையைக் கொண்டுவந்தாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

இன்னும் நான்கு வாரத்தில் ஸ்டென்டை எடுக்க வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் மறுபடி மயக்கம் கொடுப்பார்கள். அதே கதவு, அதே மாஸ்க். இந்தத் தடவை அவளிடம் என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு போவது? இப்படி இரண்டாவது முறை போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

இருவருக்கு அப்பா
காலை 6.05

சகோதரி, படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். சின்னவனுக்கு ஒன்றரை வயசுல குடலிறக்க ஆபரேஷன். காலையில போய் சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டோம், உங்க அளவுக்கு இல்ல. ஆனா அந்த வராந்தா எனக்கும் தெரியும். சுவத்துல இருந்த கடிகாரத்தைப் பாக்கக் கூடாதுன்னு முதுகைக் காட்டி உக்காந்தேன்.

முதல்ல உங்களைத் திட்டிக்கிறத நிறுத்துங்க. சிறுநீரகத்தைக் காப்பாத்தக் கூட்டிட்டுப் போனீங்க. என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போனீங்கங்கறது அதுக்கு அப்புறம்தான்.

என் கருத்து, ஞாபகப்படுத்தாதீங்க. இந்த வயசுக் குழந்தைங்க மறந்துரும். என் பையன் ஒரே மாசத்துல மறந்துட்டான். ரெண்டாவது தடவையும் முன்னாடியே சொன்னா நாலு வாரமும் பயந்துட்டே கெடக்கும். நேரா போயி, முடிச்சு, வந்துருங்க. பதினஞ்சு நிமிஷ வேலை.

வார்டு அக்கா
காலை 9.40

விடியல்மா, நான் குழந்தைகள் வார்டில் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்று சொல்கிறேன், உன் குழந்தை வேறு மாதிரி ஆகிவிடவில்லை. ஆபரேஷன் முடிந்து போன குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு முதல் இரண்டு வாரத்தில் இதெல்லாம் இருக்கும். தூக்கம் கெடுவது, ஒட்டிக்கொள்வது, விட்டுப்போன பழக்கம் திரும்புவது எல்லாம். நிறையப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் தானாகக் குறையும். படுக்கையை நனைப்பதற்கு ஸ்டென்டும் ஒரு காரணம். அதன் நுனி சிறுநீர்ப்பைக்குள் சுருண்டு கிடக்கும், அது உரசிக்கொண்டே இருப்பதால் அவசரமாக வரும். அதற்குக் கண்டிக்கவே வேண்டாம். ஆனால் காய்ச்சல் வந்தாலோ, இடுப்புப் பக்கம் வலிக்கிறது என்றாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காமல் போன் பண்ணிக் கேள்.

அப்பா தம்பி சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்றரை வயதும் மூன்று வயதும் ஒன்றில்லை தம்பி. மூன்று வயதுக் குழந்தைக்குக் கதை புரியும். நாம் கதை சொல்லாவிட்டால் அதுவே ஒன்றைக் கட்டிக்கொள்ளும். "நான் தப்புப் பண்ணினேன், அதனால்தான் பிடித்து அமுக்கினார்கள்" என்று என்னிடம் நேராகவே சொன்ன குழந்தைகள் உண்டு.

அதற்காக நாலு வாரத்துக்கு முன்னாலேயே சொல்ல வேண்டாம். இந்த வயதுக்கு நாளைக் கணக்குப் பண்ணத் தெரியாது. ஒன்றிரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும். என்ன சொல்வது? அவள் கண்ணுக்கு என்ன தெரியும், மூக்குக்கு என்ன வாசனை வரும், உடம்பில் எங்கே தொடுவார்கள், நீ எதுவரை இருப்பாய், எப்போது திரும்பி வருவாய். இவ்வளவுதான். உள்ளே வெட்டுவது தைப்பதெல்லாம் கேட்டால் மட்டும் சொல். "தூங்க வைப்பாங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதே. ராத்திரித் தூக்கத்துக்கே பயப்படும். "இது மருந்துத் தூக்கம், வீட்டுத் தூக்கம் இல்லை, வேலை முடிந்ததும் டாக்டர் மருந்தை நிறுத்துவார், நீ முழித்துக்கொள்வாய்" என்று பிரித்துச் சொல்.

வலிக்குமா என்று கேட்டால் "கொஞ்சம் வலிக்கும், வலித்தால் என்னிடம் சொல், மருந்து இருக்கிறது" என்று சொல். குழந்தைக்கு அது தாங்கும். வலிக்காது என்று நாம் சொல்லி வலித்துவிட்டால், அடுத்த தடவை நாம் சொல்கிற நல்ல செய்தியையும் அது நம்பாது.

வார்டில் ஒரு பழைய மாஸ்க் கேட்டு வாங்கிக்கொள். பெரும்பாலும் தருவார்கள். பொம்மைக்கு அவள் வைக்கட்டும், உனக்கு வைக்கட்டும். அவள் முகத்தில் நீயாக வைக்காதே. அவளாக வைத்துக்கொள்கிற நாள் வரும்.

நெடுவழி
மதியம் 1.15

மறந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருந்ததால் சொல்கிறேன். எனக்கு வயது அறுபத்தொன்று. நான்கு வயதில் ஹெர்னியா ஆபரேஷன் ஆனது. அந்தக் காலத்தில் அந்த மருத்துவமனையில் பெற்றோர் கூடத் தங்கக் கூடாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். எனக்கு ஆபரேஷன் ஞாபகம் இல்லை, வலி ஞாபகம் இல்லை. கட்டிலின் இரும்புக் கம்பியில் வெள்ளைப் பெயின்ட் உரிந்த ஓர் இடம் ஞாபகம் இருக்கிறது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. என்னை அங்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். ஒருவரும் வேறு எதுவும் சொல்லவில்லையே.

அம்மா சாகும்வரை இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவரும் வாசலுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்திருக்கிறார், சித்தி பின்னால் சொல்லித்தான் தெரியும். அதை யாராவது அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாம்.

வார்டு அக்கா
மதியம் 2.50

நெடுவழி ஐயா, நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த சீனியர் சிஸ்டர்கள் அதே பழக்கத்தில் வந்தவர்கள்தான். அம்மா வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த அமைதி நம்பிக்கை போன அமைதி என்று புரிய எவ்வளவோ காலம் ஆயிற்று. பிரிட்டனில் 1959-இல் பிளாட் குழு என்ற அரசுக் குழு, குழந்தைகள் வார்டில் பெற்றோர் எந்த நேரமும் வரலாம், தாய் கூடத் தங்க இடம் கொடுக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அதன் பிறகும் மாற எத்தனையோ வருஷம் பிடித்தது. நீங்கள் அழாமல் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, நல்ல பிள்ளை என்று யாராவது குறித்து வைத்திருப்பார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது ஐயா.

மயக்கவியல்காரர்
இரவு 8.30

குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். விடியல் பார்த்த இரண்டு விஷயங்களை விளக்க வேண்டும். இதை அவருக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

முதலாவது, கண் செருகி, கை கால் வெட்டி, குறட்டைச் சத்தம் வந்தது. மாஸ்க் வழியாகக் கொடுக்கும் செவோஃபுளுரேன் வாயு மூளையை ஒரே அடியாக அணைப்பதில்லை. மேல்தட்டு முதலில் அடங்கும்போது நடுவில் ஒரு துடிப்பு நிலை வரும். அந்தச் சில நொடிகளில் குழந்தைக்கு நினைவு இல்லை, வேதனையும் இல்லை. பெற்றோரை உள்ளே அழைத்தால், இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நான் மாஸ்க்கை எடுப்பேன்.

இரண்டாவது, ரிக்கவரியில் அம்மா மடியிலேயே அம்மாவைத் தேடியது. மயக்கம் தெளியும்போது வரும் இந்தக் குழப்ப நிலை இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அதிகம். குழந்தை பார்க்கும், ஆனால் கண்ணோடு கண் சேராது. சமாதானம் எடுபடாது. பெரும்பாலும் அரை மணிக்குள் தானாக அடங்கிவிடும். குழந்தைக்கு அது நினைவிருப்பது அரிது. அந்த இருபத்தைந்து நிமிடம் உங்களிடம்தான் தங்கியிருக்கிறது, அவளிடம் இல்லை.

அடுத்த முறை மயக்க மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே இதைச் சொல்லுங்கள்: "போன தடவை பிடித்து அமுக்கி மாஸ்க் வைத்தார்கள், தெளியும்போது குழப்பம் வந்தது." நாங்கள் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. அரை மணிக்கு முன் மிடாசோலம் சிரப் கொடுத்துப் பதற்றத்தைக் குறைக்கலாம். மாஸ்க் வேண்டாம் என்றால், கையில் மரத்துப்போகும் கிரீமை ஒரு மணி நேரம் முன்பே தடவி, ஊசி வழியாகத் தூங்க வைக்கலாம். வாயுவுக்குப் பதில் புரொபஃபால் என்ற ஊசி மருந்து கொடுத்தால் தெளியும்போது வரும் குழப்பம் குறைவு. அம்மா உள்ளே வந்தால் மட்டும் குழந்தையின் பயம் குறைந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. வருபவர் அமைதியாக இருக்க வேண்டும், என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போனில் பிடித்த படம் ஓடிக்கொண்டிருப்பதும் நன்றாகவே உதவுகிறது.

பட்டினி பற்றி. திட உணவுக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, தெளிந்த நீருக்கு இரண்டு என்பதுதான் பல ஆண்டுகளாக உள்ள விதி. ஐரோப்பாவில் 2022-இல் வந்த வழிகாட்டுதல் குழந்தைகளுக்குத் தண்ணீரை ஒரு மணி நேரம் முன்புவரை அனுமதிக்கிறது. பல ஆண்டுகளாக உள்ள அந்த விதியில் மற்றப் பாலைத் திட உணவுக் கணக்கில் வைப்பார்கள். ஒன்பது மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் மூன்று வயதுக் குழந்தையை வைத்திருந்தது தவறு. கேஸ் தள்ளிப்போனால் "இப்போது தண்ணீர் கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் கேளுங்கள்.

இருவருக்கு அப்பா
இரவு 9.10

டாக்டர், ஒரு கேள்வி. மயக்க மருந்து மூளையைப் பாதிக்கும்னு படிச்சேன். ரெண்டாவது தடவை வேற கொடுக்கப் போறாங்க. அது பரவாயில்லையா?

மயக்கவியல்காரர்
இரவு 10.25

நல்ல கேள்வி. 2016 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை கொடுத்தது. மூன்று வயதுக்குக் கீழே, மூன்று மணி நேரத்துக்கு மேலோ திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பதைப் பற்றியது அது. முக்கியமாக விலங்கு ஆய்வுகளை வைத்து வந்தது. குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த பச்சிளங்குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முழு மயக்கம், சராசரியாக ஒரு மணி நேரத்துக்குள். இன்னொரு பிரிவுக்கு முதுகில் ஊசி போட்டு விழித்த நிலையிலேயே ஆபரேஷன். இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் சோதித்தபோது வித்தியாசம் தெரியவில்லை. ஐந்து வயது முடிவு 2019-இல் வந்தது. ஸ்டென்ட் எடுப்பது சில நிமிட வேலை. அதற்கான மயக்கத்தைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். ஸ்டென்டை எடுக்காமல் உள்ளேயே விட்டால்தான் கவலை. அதன் மேல் கல் படியும், கிருமி சேரும்.

ஐந்து மாதச் செல்லம்
மறுநாள் காலை 7.00

அக்கா, எங்களுக்கும் இதே இடது சிறுநீரகம், மகனுக்கு ஐந்து மாதம். அடுத்த மாதம் ரீனோகிராம். ஆபரேஷன் தேவைப்படும் என்று எப்படி முடிவு பண்ணினார்கள்? வார்டில் இருந்த நாலு நாளைப் பற்றியும் எழுதுங்களேன், எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் பரவாயில்லை. தெரியாமல் இருப்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

விடியல்
மறுநாள் இரவு 10.50

முதலில் எல்லாருக்கும். டாக்டர், நீங்கள் எழுதியதைக் கணவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அந்தக் குழப்பம் அவளுக்கு ஞாபகம் இருக்காது என்ற வரிக்கு வந்ததும் மேலே படிக்க முடியவில்லை, அவர்தான் வாங்கிப் படித்தார்.

செல்லம், எங்களுக்குச் சொன்னது இது. வீக்கம் இருப்பதால் மட்டும் கத்தி வைப்பதில்லை. பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, அடுத்தடுத்த சோதனையில் குறைந்துகொண்டே வந்தாலோ, வீக்கம் பெருகிக்கொண்டே போனாலோ, காய்ச்சல், வலி என்று வந்தாலோ செய்வார்கள். எங்களுக்கு முதல் இரண்டும் சேர்ந்தே இருந்தன. ஒரே ஒரு ரீனோகிராம் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். அன்றைக்குக் குழந்தைக்குப் போதுமான நீர் உள்ளே போயிருந்ததா, சிறுநீர்ப்பை காலியாக இருந்ததா என்பதை வைத்தெல்லாம் படம் மாறுமாம். இந்த ஆபரேஷன் 1949-இல் ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இரண்டு பேர் எழுதிவைத்த முறை. இன்றைக்கும் அதையேதான் செய்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெற்றி என்று சர்ஜன் சொன்னபோது, பழைய முறை என்பதே எனக்குத் தைரியமாக இருந்தது.

வார்டு. முதல் நாள் சாயங்காலம் அவளுக்கு வலியே இல்லை. முதுகுத்தண்டின் அடியில் ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். "என் காலு எங்க?" என்று கேட்டாள். கால் மரத்திருந்தது. போர்வையை விலக்கி, "இதோ இருக்கு, மருந்துல தூங்குது, ராத்திரி முழிச்சுரும்" என்றேன். அவள் கட்டை விரலை நிமிண்டிப் பார்த்துவிட்டு "ஸ்ஸ்ஸ்" என்று வாயில் விரலை வைத்தாள், எழுப்பக் கூடாது என்று. அந்த நான்கு நாளில் நான் உண்மையைச் சொன்ன முதல் இடம் அதுதான். அவள் அதை எவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டாள் என்று இப்போதுதான் உறைக்கிறது.

இரண்டாம் ராத்திரிதான் கஷ்டம். திடீரென்று காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுவாள். உடம்பு விறைக்கும், முகம் சிவந்துபோகும். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். பிறகு ஒன்றுமில்லாத மாதிரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். பாரசிட்டமால் கொடுத்தாயிற்று, அடுத்த மருந்தும் கொடுத்தாயிற்று. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது டியூட்டியில் இருந்தவர் வருகிற நேரத்துக்கு அவள் அமைதியாகியிருந்தாள். "அடம் பிடிக்குதும்மா, நீங்க பக்கத்துல இருக்கறதாலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய் எட்டு நிமிஷத்தில் மறுபடி.

அப்புறம் கூப்பிடவில்லை. ஃபைல் அட்டையின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். 1.12, ஒரு நிமிஷம். 1.24, ஒன்றரை. 1.31, ஒரு நிமிஷம், கதீட்டர் (சிறுநீர் இறங்க வைத்த குழாய்) பக்கத்தில் சிறுநீர் கசிந்தது. விடியும்வரை பத்தொன்பது வரி. காலை ரவுண்ட்ஸில் சர்ஜனிடம் ஒன்றும் பேசாமல் அட்டையைத் திருப்பிக் காட்டினேன். மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். "இது காயத்து வலி இல்லை. சிறுநீர்ப்பை சுருங்கி இழுக்குது. கதீட்டரும் ஸ்டென்டும் உள்ள இருக்கறதால. வலி மருந்து இதுக்குக் கேட்காது" என்றார். முதலில் கதீட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள், பிறகு தசையைத் தளர்த்துகிற வேறு ஒரு சிரப் கொடுத்தார்கள். மத்தியானம் தூங்கினாள். அந்த அட்டையை அவர் ஃபைலிலேயே சேர்த்து வைக்கச் சொன்னார்.

அதனால் செல்லம், ஒரு பேனா கொண்டுபோங்கள்.

சிறுநீர் இரண்டு மூன்று நாள் இளஞ்சிவப்பாக இருக்கும். ஸ்டென்ட் இருக்கும்வரை ஓடி விளையாடினால் மறுபடி கொஞ்சம் சிவக்கும், தண்ணீர் நிறையக் கொடுத்தால் தெளியும். பையில் எவ்வளவு இறங்குகிறது என்று மணிக்கணக்கில் அளப்பார்கள். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு மில்லி என்பது ஒரு கணக்கு. இவள் பதினான்கு கிலோ. பதினான்கைத் தாண்டியிருக்கிறதா என்று நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வார்டு அக்கா
மறுநாள் இரவு 11.30

பத்தொன்பது வரி எழுதினாயே, அந்தக் கைக்கு ஒரு முத்தம். பேசத் தெரியாத குழந்தையின் வலியை அளக்க எங்களுக்கு ஃபிளாக் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. முகம், கால், உடம்பு அசைவு, அழுகை, சமாதானம் ஆகிறதா, இந்த ஐந்துக்கும் பூஜ்ஜியம் முதல் இரண்டு வரை மதிப்பெண். ஆனால் நர்ஸ் வந்து பார்க்கிற நிமிஷத்தில் வலி விட்டிருந்தால் கூட்டுத்தொகை பூஜ்ஜியம்தான் வரும். வந்து வந்து போகிற வலியைப் பிடிக்கக் கூடவே இருக்கிற கண்தான் வேண்டும். "அடம்" என்று சொன்னது தப்பு. எங்கள் ஆட்கள் சார்பில் நான் வருத்தம் தெரிவிக்கிறேன்.

விடியல்
நான்கு வாரம் கழித்து, இரவு 9.15

நாளை காலை ஸ்டென்ட் எடுக்கிறார்கள். நேற்று அவளிடம் சொன்னேன்.

மாஸ்க் மூன்று வாரமாக வீட்டில் இருக்கிறது. வார்டு சிஸ்டரிடம் கேட்டதும் புதிதாகவே ஒன்று கொடுத்துவிட்டார்கள். முதல் வாரம் அதை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள். நான் எடுக்கவில்லை. பிறகு கரடிக்கு வைத்தாள். கரடியின் இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு "அழாத, அழாத" என்று அமுக்கினாள். பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் கேட்டேன், "கரடிக்குப் பயமா இருக்கு, நீ என்ன சொல்லுவ?" ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கரடியின் காதில் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

நேற்று உட்காரவைத்துச் சொன்னது இது: "போன தடவை அம்மா வலிக்காதுன்னு சொன்னேன். வலிச்சுது. அம்மா சொன்னது சரியில்ல. உள்ள ஒரு சின்னக் குழாய் இருக்கு, அதை எடுக்கணும். மாஸ்க் வைப்பாங்க. வாசனை நல்லா இருக்காது. நீ மருந்துல தூங்கினதும் நான் வெளிய போவேன். குழாய் எடுத்ததும் வந்துருவேன். அப்புறம் ஒண்ணுக்குப் போறப்போ ஒரு நாள் ரெண்டு நாள் எரியும்."

"கையைப் பிடிப்பியா?" என்றாள். அமுக்கிப் பிடிப்பதைக் கேட்கிறாளா, சும்மா பிடிப்பதைக் கேட்கிறாளா என்று தெரியவில்லை. "நீ கேட்டா மட்டும்" என்றேன்.

இருவருக்கு அப்பா
இரவு 9.40

நாளைக்கு நல்லபடியா முடியும் சகோதரி. நான் முன்னாடி எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன். நெடுவழி ஐயா எழுதினதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி என் பையன்கிட்ட அந்தத் தழும்பைக் காட்டி, இது என்னன்னு தெரியுமாடான்னு கேட்டேன். இப்போ அவனுக்கு ஆறு வயசு. தெரியாதுன்னான். முழுக் கதையையும் சொன்னேன். ரெண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னான், "நீ எங்க உக்காந்திருந்த?"ங்கறதை மட்டும் மூணு தடவை கேட்டான்.

விடியல்
மறுநாள் மாலை 4.30

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மயக்க மருத்துவரிடம் முதல் வாக்கியமாக இங்கே எழுதிக் கொடுத்ததையே சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். முதல் கேஸாகப் போட்டார்கள். காலை ஐந்தரைக்கு எழுப்பித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். சிரப் கசந்தது, பாதியைத் துப்பிவிட்டாள். மாஸ்க்கை அவள் கையிலேயே கொடுத்தார்கள். அழாமல் போனாள் என்று எழுத ஆசைதான். அழுதாள். ஆனால் போன தடவை மாதிரி முகத்தைப் புதைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே அழுதாள், இடது கையை நீட்டி "பிடி" என்றாள். கண் செருகியபோது இது துடிப்பு நிலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நெற்றியில் கை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பன்னிரண்டு நிமிஷம். வாயுவை நிறுத்தி ஊசி மருந்துக்கு மாற்றியதாகச் சொன்னார். தெளியும்போது கத்தவில்லை. தூக்கக் கலக்கத்தில் கண்ணைத் திறந்து, என்னை அடையாளம் தெரிந்து, "குழாய் போச்சா?" என்றாள். ஒரு சின்ன டப்பாவில் ஸ்டென்டைப் போட்டுக் காட்டினார்கள். நீல நிறம், இரண்டு முனையும் பன்றிக்குட்டி வால் மாதிரி சுருண்டிருக்கும். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மத்தியானம் ஒண்ணுக்குப் போகும்போது எரிந்தது. அழுதுகொண்டே "நீ சொன்னல்ல" என்றாள்.

நெடுவழி
மாலை 5.05

படித்தேன். மகிழ்ச்சி. குழந்தை நன்றாக இருக்கட்டும்.

ஐந்து மாதச் செல்லம்
மாலை 6.20

அக்கா, ரொம்ப சந்தோஷம். எங்கள் ரீனோகிராம் முடிந்தது, 34. ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள், அடுத்த மாதம். இவனுக்கு இப்போது ஆறு மாதம்தான். இவனிடம் என்ன சொல்ல முடியும்? வார்டு அக்கா, இந்த வயதுக்கு என்ன செய்வது?

வார்டு அக்கா
மாலை 7.45

ஆறு மாதக் குழந்தைக்கு உன் வாசனையும் குரலும்தான் மொழிமா. நீ இரண்டு ராத்திரி கழுத்தில் போட்டுக்கொண்ட துணி ஒன்றைக் கூடவே அனுப்பு. தியேட்டர் கதவுவரை ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு போ, ரிக்கவரிக்குள் நுழையும்போதும் அதே பாட்டோடு நுழை. தாய்ப்பால் கொடுக்கிறாய் என்றால், கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுக்கலாம் என்று முந்தின நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள். அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து, தூங்கினாலும் எழுப்பிக் கொடு. கேஸ் தள்ளிப்போனால் மறுபடி கேள். ஊசி குத்தும்போது படுக்க வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேள், நிறைய இடத்தில் சம்மதிப்பார்கள். கதீட்டர் இருக்கும்போது விட்டுவிட்டு வீறிட்டால் விடியல் எழுதிய மாதிரி நேரத்தை எழுது.

தேதி என்னைக்கு என்று இங்கே போடு. அன்றைக்கு நான் காலையிலிருந்து இழையைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன்.